பிளேஸ்டேஷன் விளையாட்டுகள் கணினியில்: சோனியின் பிசி பிரிவைப் பற்றி ஒரு மதிப்பீடு

சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைக் கணினியில் வெளியிடுவதற்கென்று 2021ஆம் ஆண்டு 'பிளேஸ்டேஷன் பிசி' என்ற பெயரில் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் அந்தப் பெயர் தென்படுவதற்கு முன்பே, 2020 ஆகஸ்டில், ஹொரைசன் ஜீரோ டான் கணினிக்கு வந்துவிட்டது. அன்று தொடங்கி இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவற்றை விளையாடியவன் என்ற முறையில், ஏதாவது ஒரு விளையாட்டை மட்டும் எடுத்துப் பேசாமல் இந்தப் பிரிவு முழுவதையும் ஒரு சேவையாகக் கருதி எடைபோட்டால் வாங்குபவர்களுக்குக் கூடுதல் பயன் இருக்கும் என்று நினைக்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறியாளர்கள் செய்திருக்கும் வேலைக்கு நல்ல மதிப்பெண் போடலாம். எந்தத் தேதியில் வெளியிடுவது, எந்த நாடுகளில் விற்பது, வாங்கியவரிடம் என்னென்ன நிபந்தனை விதிப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு அதில் பாதிகூடப் போட முடியாது.

பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுப் பெட்டிக்கு, அதாவது கன்சோலுக்கு, எழுதிய விளையாட்டைக் கணினிக்கு மாற்றுவது கோப்புகளை நகலெடுத்து ஒட்டுவது போன்ற வேலை என்று எண்ணுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 4இல் மையச் செயலிக்கும் கிராஃபிக்ஸ் பகுதிக்கும் பொதுவாக 8 ஜிபி நினைவகம் உண்டு. பிளேஸ்டேஷன் 5இல் அது 16 ஜிபி. இரண்டு பகுதிகளும் ஒரே இடத்திலிருந்து தரவை எடுத்துக்கொள்வதால், இங்கிருந்து அங்கே நகர்த்தும் வேலையே இல்லை. கணினியில் அப்படியில்லை. ராம் தனி, கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் தனி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5இன் எஸ்எஸ்டி எனப்படும் வேகச் சேமிப்பகம் நொடிக்கு 5.5 ஜிபி வேகத்தில் படிப்பதோடு, கிராக்கன் முறையில் சுருக்கி வைக்கப்பட்ட தரவை விரிப்பதற்கென்றே தனி வன்பொருளையும் சோனி அந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கிறது. அந்த வன்பொருளை நம்பி எழுதப்பட்ட விளையாட்டு கணினிக்கு வரும்போது, விரிக்கும் சுமை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழுகிறது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தலைவலி ஷேடர்கள். திரையில் தெரியும் ஒளி, நிழல், தோலின் மினுமினுப்பு, தண்ணீரின் அலை எல்லாமே ஷேடர் எனப்படும் சிறு நிரல்களால் ஆனவை. கன்சோலில் கிராஃபிக்ஸ் வன்பொருள் என்னவென்று முன்கூட்டியே தெரியும் என்பதால் அவற்றைத் தயார் நிலையில் தொகுத்து (அந்த வன்பொருளுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றி) விளையாட்டோடு சேர்த்தே கொடுத்துவிடலாம். கணினியிலோ கார்டுக்குக் கார்டு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கு டிரைவர் வேறுபடுவதால், வாங்கியவரின் கணினியிலேயே அவற்றைத் தொகுத்தாக வேண்டும். விளையாடத் தொடங்கும் முன்பே தொகுத்தால் காத்திருக்க வேண்டும். விளையாடும்போது தொகுத்தால் புதிய காட்சி வரும்போதெல்லாம் திரை ஒரு கணம் திக்கும். ஒரு போர்ட், அதாவது இப்படிக் கணினிக்கு மாற்றிய பதிப்பு, நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஹொரைசன் ஜீரோ டான் 2017இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த விளையாட்டு. மூன்று ஆண்டுகள் கழித்துக் கணினிக்கு வந்தபோது பலருக்கு அது பாதியில் முடங்கியது. நொடிக்கு 60 ஃபிரேம்களுக்கு (திரையில் மாறும் படங்களுக்கு) மேல் ஓடினாலும் சில அசைவுகள் 30லேயே நின்றன. மெனுவில் இருந்த சில தேர்வுகள் மாற்றினாலும் மாறவில்லை. அடுத்தடுத்து வந்த பேட்ச்களால் (குறைகளைச் சரிசெய்யும் திருத்தங்களால்) சில மாதங்களில் அது நல்ல நிலைக்கு வந்தது. 2021 மே மாதம் வந்த டேஸ் கான் அப்படி எந்தத் தொல்லையும் தரவில்லை. 2022 ஜனவரியில் வந்த காட் ஆஃப் வார் அதைவிடவும் சீராக ஓடியது. ஸ்டீமில் ஒரே நேரத்தில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை விளையாடினார்கள். நான்கு ஆண்டுகள் பழைய, அதுவும் தனியாளாக விளையாடும் விளையாட்டுக்கு இது சாதாரணக் கூட்டமன்று.

இந்தப் பிரிவின் உண்மையான பலம் நிக்ஸஸ். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1999 முதல் இயங்கும் இந்த நிறுவனம், டோம்ப் ரைடர், டியூஸ் எக்ஸ் வரிசை விளையாட்டுகளைக் கணினிக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கியது. 2021 கோடையில் சோனி அதை வாங்கிக்கொண்டது. அவர்கள் கையில் முதலில் வந்து 2022 ஆகஸ்டில் வெளியான மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன் ரீமாஸ்டர்டு, என் கணிப்பில் இன்றும் இந்தப் பிரிவின் மிகச் சிறந்த போர்ட்.

அதன் அமைப்பு மெனுவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். விளையாட்டுக்குள் நுழையும் முன்பே ஒரு சிறு சாளரம் திறக்கிறது. திரையின் அளவு, படத்தின் தரம் முதலியவற்றை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். உள்ளே போன பிறகும் அவற்றில் பெரும்பாலானவற்றை விளையாட்டை மூடித் திறக்காமலேயே மாற்ற முடிகிறது. தெருவில் எத்தனை பேர் நடக்க வேண்டும், எத்தனை வண்டிகள் ஓட வேண்டும் என்பதற்குத் தனித்தனித் தேர்வு இருக்கிறது. ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் பிரதிபலிப்புக்கு உள்ளே 'பொருள் தொலைவு' என்று 1 முதல் 10 வரை நகரும் ஓர் அளவுகோல் உண்டு. அதை ஏற்ற ஏற்ற, வானுயர்ந்த கட்டடங்களின் கண்ணாடியில் எதிர்த் தெருவின் கடைசிக் கட்டடம் வரை தெரியத் தொடங்குகிறது. விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவரும் இங்கே ஏமாந்துபோவார். இந்த அளவுகோல் கார்டைவிட மையச் செயலியைத்தான் அதிகம் பிழிகிறது. ஸ்பைடர்-மேன் வேகமாகத் தாவும்போது சுற்றியுள்ள நகரத்தின் வடிவத்தை மையச் செயலி ஓயாமல் புதுப்பித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை 10லிருந்து 6க்கு இறக்கினால் கண்ணுக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது, ஓட்டத்தில் தெரியும். இப்படி எது எங்கே செலவாகிறது என்று பிரித்துக் கையில் கொடுக்கும் போர்ட்டுகள் குறைவு.

படத்தைக் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் தொழில்நுட்பங்களில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், பின்னர் இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் ஆகிய மூன்றையுமே நிக்ஸஸ் சேர்த்தது. ஒரு கார்டு நிறுவனத்தோடு கூட்டு வைத்துக்கொண்டு மற்றவர்களின் தொழில்நுட்பத்தை வேண்டுமென்றே விட்டுவிடும் வெளியீட்டாளர்களும் இருக்கிற சந்தையில் இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மூன்று திரைகளை அடுக்கி வைத்து 48:9 விகிதத்தில் விளையாடுபவரைக்கூட அவர்கள் மறக்கவில்லை. மவுஸும் கீபோர்டும் ஏதோ கடமைக்கு ஒட்டியவை போல இல்லை. வலையில் ஊசலாடியபடியே பார்வையைத் திருப்புவதற்கு எனக்கு மவுஸ்தான் இன்னும் வசதியாக இருந்தது. பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரின் நுண்ணதிர்வும் விசையில் உணரும் இறுக்கமும் வேண்டுமென்றால் அதைக் கேபிளில் இணைத்தாக வேண்டும் என்பது ஒரு சிறு குறை. கம்பியில்லாமல் இணைத்தால் அவை கிடைப்பதில்லை.

அதே பிரிவின் மறுபக்கத்தைப் பார்க்க 2023 மார்ச் 28க்குப் போக வேண்டும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 அன்று கணினிக்கு வந்தது. கன்சோலில் அது வந்தது 2022 செப்டம்பரில். இடையில் ஏழு மாதம்கூட இல்லை. அதற்கு முன் சோனி கணினிக்குக் கொண்டுவந்த பெரிய விளையாட்டுகள் எதற்கும் இடைவெளி இவ்வளவு குறைவாக இருந்ததில்லை. அதே கதையை வைத்து எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடர் ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் 12இல் முடிந்திருந்தது. விளையாட்டு முதலில் மார்ச் 3ஆம் தேதி வருவதாக இருந்து பிறகு 28க்குத் தள்ளிப்போனது. தொடர் பார்த்தவர்களின் ஆர்வம் ஆறுவதற்குள் விற்றுவிட வேண்டும் என்ற கணக்கு யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை. தள்ளிவைத்த அந்த மூன்றரை வாரமும் போதவில்லை என்பது வெளியான அன்றே தெரிந்துவிட்டது.

விளையாட்டைத் திறந்தவுடன் ஷேடர்களைத் தொகுக்கத் தொடங்கியது. சுமாரான செயலி வைத்திருந்தவர்களுக்கு அது அரை மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. ஸ்டீமில் ஒரு விளையாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். முதன்மை மெனுவில் உட்கார்ந்து தொகுப்பு முடியக் காத்திருக்கும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில்தான் கழிகிறது. அதாவது போர்ட் எவ்வளவு மந்தமாக இருக்கிறதோ, அவ்வளவு குறைவான நேரமே அதைச் சோதித்துப் பார்ப்பதற்கு மிஞ்சும். அன்று பரவலாகப் பயன்பட்ட 8 ஜிபி கார்டுகளில் இன்னொரு கொடுமை: நினைவகத்துக்குள் அடங்கும்படி பரப்புகளின் (பொருள்களின் மேல் போர்த்தப்படும் படங்களின்) தரத்தை ஒரு படி இறக்கினால், சுவரும் தரையும் பழைய தலைமுறை விளையாட்டைவிட மங்கலாகக் குழைந்து தெரிந்தன. மெனுவில் ஒவ்வொரு தேர்வும் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று காட்டும் பட்டை ஒன்றை வைத்திருந்தார்கள். யோசனை நன்று, ஆனால் அந்தப் பட்டையைப் பார்த்துப் பார்த்து எதைக் குறைத்தாலும் படம் கெட்டது. விளையாட்டை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனமே குறைகளை ஒப்புக்கொண்டு அடுத்த சில மாதங்கள் தொடர்ந்து பேட்ச்களை வெளியிட்டது. நடுத்தரத் தரத்துக்கான பரப்புகள் திருத்தப்பட்டன, நினைவகச் செலவும் குறைந்தது. இன்று அதை வாங்குபவருக்கு நல்ல விளையாட்டுத்தான் கிடைக்கிறது. முதல் வாரத்தில் 59.99 டாலர் கொடுத்தவர்கள் சோதனையாளர் வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்தார்கள்.

இதே பிளேஸ்டேஷன் 5 வன்பொருளை நம்பி எழுதப்பட்ட இன்னொரு விளையாட்டு நான்கே மாதங்களில், 2023 ஜூலையில், நிக்ஸஸ் கைவண்ணத்தில் வந்தது. ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்டில் ஒரு வாயிலுக்குள் குதித்தால் அடுத்த நொடி வேறொரு உலகம், கன்சோலின் எஸ்எஸ்டி வேகத்தைக் காட்டுவதற்கென்றே எழுதிய விளையாட்டு என்று அதைச் சொன்னார்கள். கணினியில் அதற்கு டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி, சுருக்கிய தரவை விரிக்கும் வேலையில் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸ் கார்டிடமே ஒப்படைத்தார்கள். வேகமான எஸ்எஸ்டியில் அந்தத் தாவல்கள் கன்சோலில் இருப்பது போலவே நடக்கின்றன. பழைய வன்தட்டில் வாயிலின் நடுவே சற்று நின்று ஏற வேண்டியிருக்கிறது, ஆனாலும் விளையாட்டு உடைவதில்லை. மார்ச் மாதத்து அனுபவத்துக்குப் பிறகு, சிக்கல் வன்பொருளில் இல்லை, கொடுக்கப்பட்ட கால அவகாசத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வர எனக்கு இந்த ஒரு விளையாட்டே போதுமானதாக இருந்தது. 2024 மார்ச்சில் வந்த ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்டும் மே மாதம் வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமாவும் அதே தரத்தில் அமைந்தன. இரண்டையும் குறித்து நீட்டி எழுத எதுவுமில்லை என்பதே அவற்றுக்கான பாராட்டு.

நிக்ஸஸ் பெயர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அந்த நேரத்தில் நானே நண்பர்களுக்குச் சொல்லியிருப்பேன். 2025 ஜனவரி 30 அன்று வந்த ஸ்பைடர்-மேன் 2 அதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டது. எந்தக் கணினி வேண்டும் என்ற விவரமே வெளியீட்டுக்கு முந்தைய நாள்தான் வந்தது. விளையாட்டு வந்த பிறகு முடங்குவதும் ஓட்டம் தடுமாறுவதுமாகப் புகார்கள் குவிந்து ஸ்டீமில் 'கலவையான' மதிப்பீடே கிடைத்தது. பேட்ச்கள் அதன் பிறகு வரிசையாக வந்தன. கன்சோலுக்கும் கணினிக்கும் இடையே 15 மாதம் இருந்தும் இப்படி ஆனது என்பதால், அவகாசம் என்பது நாட்காட்டியில் தெரியும் இடைவெளி மட்டுமில்லை என்றும் தெரிகிறது. முந்தைய நாள் வரை விவரம் சொல்ல முடியாத ஒரு வெளியீட்டை இரண்டு வாரம் தள்ளிப்போட அந்தப் பிரிவில் எவருக்கும் அதிகாரம் இல்லையா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. இரண்டே மாதங்களில், ஏப்ரல் 3 அன்று, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 ரீமாஸ்டர்டு வந்தது. முதல் பாகத்தின் பெயரைக் கெடுத்த குறைகள் அதில் பெரிதாகத் தலைகாட்டவில்லை.

இனி, கணக்கு விவகாரம். ஹெல்டைவர்ஸ் 2 பிளேஸ்டேஷன் 5க்கும் கணினிக்கும் ஒரே நாளில், 2024 பிப்ரவரி 8 அன்று வந்த விளையாட்டு. ஆரோஹெட் என்ற ஸ்வீடன் நிறுவனம் உருவாக்கிய அது 12 வாரங்களில் 1.2 கோடிப் பிரதிகள் விற்றது. ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 4.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். கணினி வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை என்ன என்பதைச் சோனிக்குக் கண்ணெதிரே காட்டிய விளையாட்டு அது. மூன்று மாதம் கழித்து, மே 3 அன்று, இனி கணினியில் விளையாடுபவர்களும் சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் கணக்கை இணைத்தே தீர வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கைத் தொடங்கவே வசதியில்லாத நாடுகள் நூற்றுக்கும் மேல். பிலிப்பைன்ஸ், எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா போன்ற நாடுகளில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்கள் என்ன செய்வார்கள் என்று அறிவிப்பை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை மதிப்பீடுகள் ஸ்டீமில் குவிந்தன. அந்த வார இறுதி முடிவதற்குள் சோனி பின்வாங்கியது.

பாடம் படித்தார்கள் என்று நினைத்தால், அதே ஆண்டு செப்டம்பரில் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக்குக்கும் அந்தக் கணக்கைக் கட்டாயமாக்கினார்கள். பலர் சேர்ந்து விளையாடும் ஹெல்டைவர்ஸுக்காவது பாதுகாப்பு, ஒழுங்கு என்று ஏதோ காரணம் சொல்ல இடமிருந்தது. தனியாக உட்கார்ந்து அதன் நாயகன் கிராட்டோஸும் அவன் மகனும் போகும் பயணத்தைப் பார்ப்பதற்கு எதற்கு ஒரு நெட்வொர்க் கணக்கு? போர்ட் செய்த ஜெட்பேக் இன்டராக்டிவ் நிறுவனத்தின் வேலை நன்றாகவே இருந்தும், மதிப்பீடுகளில் பேச்செல்லாம் கணக்கைப் பற்றியே இருந்தது. கணக்கு தொடங்க முடியாத நாடுகளில் அந்த விளையாட்டை விற்கவே இல்லை. கடைசியில் 2025 ஜனவரியில், ஸ்பைடர்-மேன் 2, ரக்னராக் உள்ளிட்ட சில விளையாட்டுகளுக்குக் கணக்கு கட்டாயமில்லை, இணைத்தால் சில ஆடைகளும் விளையாட்டுக்குள் பயன்படும் பொருள்களும் கிடைக்கும் என்று மாற்றினார்கள். இதை முதல் நாளிலேயே செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சிலர் விரும்பியே இணைத்திருப்பார்கள்.

விலையிலும் ஒரு வார்த்தை. ஹொரைசன் ஜீரோ டான், காட் ஆஃப் வார் ஆகியவை 49.99 டாலருக்கு வந்தன. ஸ்பைடர்-மேன் ரீமாஸ்டர்டு 59.99 டாலருக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் பழைய விளையாட்டுக்கு இது அதிகம் என்பார்கள். போர்ட் நன்றாக இருந்தால் அந்த விலையை நான் குறை சொல்ல மாட்டேன். நான் குறை சொல்வது வேறொன்றை. கன்சோலில் ஏற்கெனவே வாங்கியவருக்கு எந்தச் சலுகையும் இல்லை, அங்கே சேமித்து வைத்த ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் வழியும் பெரும்பாலான விளையாட்டுகளில் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த விளையாட்டுகள் பலவற்றை ஒருமுறை வாங்கினால் எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸிலும் விளையாட விட்டுப் பல ஆண்டுகளாகின்றன. சோனியிடம் இரண்டு முறை பணம் கொடுத்தவர் ஆட்டத்தை முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. கணக்கை இணைக்கச் சொல்லி அவ்வளவு பாடுபட்டவர்கள், இணைத்தவருக்குச் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் அந்தக் கோரிக்கைக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும்.

வராதவற்றின் பட்டியலும் உண்டு. 2015இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட பிளட்போர்ன் அதில் முதலிடம் பிடிக்கும். அன்சார்ட்டட் வரிசையில் நான்காம் பாகத்தையும் அதன் கிளைக்கதையையும் கொடுத்துவிட்டு முதல் மூன்று பாகங்களை விட்டுவிட்டார்கள்; கதையை நடுவிலிருந்து தொடங்குபவர் தானாகவே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஸ்பைடர்-மேன் ரீமாஸ்டர்டு, ராட்செட், கோஸ்ட் ஆஃப் சுஷிமா, 2018இன் காட் ஆஃப் வார் ஆகிய நான்கையும் முழு விலை கொடுத்தும் தயங்காமல் வாங்கலாம். தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டு பாகங்களையும் தள்ளுபடியில் வாங்குங்கள்; முதல் பாகத்துக்கு 8 ஜிபிக்கு மேல் நினைவகமுள்ள கார்டு இருந்தால் நல்லது, ஷேடர் தொகுப்பு முழுவதும் முடிந்த பிறகே ஆட்டத்தைத் தொடங்குங்கள். ஸ்பைடர்-மேன் 2 வேண்டுமென்றால் உங்கள் கணினியை ஒத்த கணினியில் சமீபத்திய பேட்ச்சோடு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்தப் பிரிவிலிருந்து அடுத்து எது வந்தாலும், போர்ட் செய்தது யார், தேவையான கணினி விவரம் எத்தனை நாள் முன்னதாக வந்தது, கணக்கு கட்டாயமா என்ற மூன்றையும் ஸ்டீம் பக்கத்தில் பார்க்காமல் முன்பதிவு செய்ய வேண்டாம்.